மலைக்கு ஒரு வார்டன்

லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவள் மலையேறப் போகிறாள் என்று தெரிந்ததும் அலுவலகத்தில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏன், அங்க லிஃப்ட் வைக்கலையா?" முதலில் கேட்டவர் மெக்கானிக். அவள் சிரித்தாள். அடுத்துக் கேட்டவர் கணக்கர். பாதி சிரித்தாள். மதியத்துக்கு மேல் மேலாளர் வேலை மெனக்கெட்டுத் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, அந்த ஜோக்கை அந்த நிமிஷம்தான் அவரே கண்டுபிடித்த மாதிரி கேட்டார். மேலாளர் என்பதால் அவருக்கு மட்டும் முழுச் சிரிப்பு கிடைத்தது.

அவளுடைய வேலை போன் எடுப்பது. நகரத்தில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால் இவள் குரல்தான் கேட்கும். "பதறாதீங்க சார். காத்து வரும், மூச்சு முட்டாது. ஆள் கிளம்பிட்டாங்க." ஆள் அநேகமாக அப்போதுதான் டீ சொல்லியிருப்பார். அது வேறு விஷயம்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் இதே உத்தியோகம்தான், பொத்தான் மட்டும் கிடையாது. மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று கணவர் பதறுவார். சார்ஜரைக் காணோம் என்று கல்லூரியில் படிக்கும் மகள் பதறுவாள். இவள் சமையலறையில் நின்றபடியே, "பதறாதீங்க, டிவிக்குப் பின்னாடி" என்பாள். இரண்டும் அங்கேதான் இருக்கும்.

இப்படி இருக்கையில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பெண்களுக்கு மட்டுமான மலையேற்றச் சுற்றுலா, பெண் வழிகாட்டிகள், முன் அனுபவம் தேவையில்லை. கடைசி வரியில் ஓர் எச்சரிக்கை: மலையில் கைபேசி சிக்னல் கிடைக்காது. அவள் அதை எச்சரிக்கையாகப் படிக்கவில்லை. சுற்றுலாவே அதுதான், மலை அதனுடன் வரும் இலவச இணைப்பு என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே பதிவு செய்துவிட்டாள்.

கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். வாழ்நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டியின் பிரேக்கில் கால் வைத்திருப்பதுதான் அவர் தொழில். செய்தியைக் கேட்டதும் இங்கேயும் காலை வைத்தார்.

"போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பிளானிங் வேணும். அதை நான் பார்த்துக்கறேன்."

அவர் ஏறிய ஆக உயரமான இடம், பரணில் இருக்கும் பெட்டியை எடுக்கப் போட்ட நாற்காலி. அதிலும் இவள்தான் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இரண்டே நாளில் கைபேசியில் வீடியோக்கள் பார்த்து மலைகளில் கரை கண்டுவிட்டார். பனிச்சரிவில் மாட்டினால் எப்படி நீந்துவது, கரடி வந்தால் எப்படிப் படுப்பது என்று சாப்பாட்டு மேசையில் வகுப்பெடுத்தார். இவள் போகும் மலையில் பனிச்சரிவும் கிடையாது, கரடியும் கிடையாது. அதைச் சொன்னபோது, "கரடிக்குத் தெரியுமா அது?" என்று கேட்டார்.

பிறகு வழிகாட்டிக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில்தான்.

"ஏம்மா, நடுவழியில பிரேக்டவுன் ஆயிட்டா என்ன ஏற்பாடு?"

"யாரு சார் பிரேக்டவுன் ஆவாங்க?" என்றது ஓர் இளம் குரல்.

"பொதுவா கேக்கறேன்."

"நீங்களும் வர்றீங்களா சார்?"

"லேடீஸ் மட்டும்னு போட்டிருக்கீங்களே."

"அப்ப வர்றவங்ககிட்ட போனைக் கொடுங்க."

அவள் அந்தக் குரலை அப்போதே காதலித்துவிட்டாள். கணவர்தான் சுருங்கிப்போனார். தான் போக முடியாத இடத்தில் தன் சார்பாக ஒரு பிரேக் இருக்கட்டும் என்று யோசித்து, அன்று சாயங்காலமே தன் அக்காவுக்குப் போன் செய்துவிட்டார்.

நாத்தனார் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். முன்னூறு பெண்களை விசில் ஒன்றால் ஆள்பவர். அவர் நடந்து வரும் சத்தம் கேட்டாலே விடுதியில் படிக்காத பெண்கள் கூடப் புத்தகத்தைத் திறப்பார்கள், சில சமயம் தலைகீழாக.

"நானும் வரேன்," என்றார் நாத்தனார் போனில். "உன்னைத் தனியா விட்டா என் தம்பி தூங்க மாட்டான்."

"அண்ணி, உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்? மூட்டு வலி வேற இருக்கு."

"அது கீழ இருக்கறப்பதான்."

மருத்துவம் இன்னும் கண்டுபிடிக்காத விஷயம் அது. தனிமையைத் தேடி மலைக்குப் போகிறவளுக்கு வார்டன் துணை. சுற்றுலா நிறுவனத்தில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. அதுவும் நிரம்பிவிட வேண்டும் என்று நாள் முழுக்க மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். நிரம்பியது, நாத்தனாரால்.

திட்டமிடும் கூட்டம் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பெண்கள். எதிரே, மகள் வயதை விடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும் வழிகாட்டிப் பெண், மேசைமேல் ஒரு காலணியை வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஷூவை இன்னிக்கே வாங்குங்க அக்கா. அரை சைஸ் பெருசா. இறங்கும்போது விரல் முன்னாடி போய் இடிக்கும். ஆபீசுக்கும் அதையே போட்டுட்டுப் போங்க. புது ஷூவோட மலைக்கு வந்தா கொப்புளம்தான் மிச்சம். நகத்தை ஒட்ட வெட்டுங்க. பருத்தித் துணி வேண்டாம், வேர்வையில நனைஞ்சா காயாது, குளிர்ல உடம்பை விறைக்க வச்சிடும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்."

"பாத்ரூம்?" என்று கேட்டார் நாத்தனார்.

"பாறைக்குப் பின்னாடி அக்கா."

"மேடம்னு சொல்லும்மா. கதவு?"

"பாறைதான் கதவு மேடம்."

"தாழ்ப்பாள்?"

"ஒரு பாட்டைப் பாடிட்டே இருங்க. பாட்டு கேட்டா யாரும் அந்தப் பக்கம் வர மாட்டாங்க."

நாத்தனார் பாடினால் அந்தப் பக்கம் மட்டுமல்ல, எந்தப் பக்கமும் யாரும் வர மாட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வழிகாட்டி மாதவிலக்குக்கு என்ன எடுத்து வர வேண்டும், குப்பையை எப்படித் திரும்பக் கீழே கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் கூச்சமில்லாமல் சொன்னாள். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி மட்டும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் வழிகாட்டி எழுந்து நின்றாள்.

"இது ரெண்டு மட்டும் மறக்காதீங்க. பக்கத்துல வர்றவங்களோட பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச முடியலைன்னா வேகமா போறீங்கன்னு அர்த்தம். அப்புறம், தலை வலிச்சா உடனே சொல்லணும். மறைக்கக் கூடாது. உயரம் சிலருக்கு ஒத்துக்கும், சிலருக்கு ஒத்துக்காது. உடம்பைத் தேத்தி வச்சவங்களுக்கும் வரும்."

கடைசி வாக்கியத்தை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

பயிற்சி தொடங்கியது. அவள் தினமும் காலையில் கனமான காலணியைப் போட்டுக்கொண்டு, முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்து, தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கினாள். முதல் வாரம் எதிர்ப்பட்டவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் அலுவலகத்தில் ஓர் அழைப்பு வந்தது. அவள் கட்டடத்தின் சங்கச் செயலாளர்.

"எங்க லிஃப்ட்ல ஏதோ கோளாறு இருக்கு. ஆளை அனுப்புங்க."

"என்ன சார் கோளாறு? நிக்குதா, சத்தம் வருதா?"

"ஓடிட்டுதான் இருக்கு. ஆனா லிஃப்ட் கம்பெனிக்காரம்மாவே ஒரு வாரமா படியில ஏறுறாங்க. அவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, நமக்குச் சொல்ல மாட்டேங்கறாங்க. ரெண்டாவது மாடிக்கு மேல யாரும் லிஃப்ட்ல போறதில்ல இப்போ."

"சார், அந்தம்மா நான்தான்."

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. "அப்ப உண்மையைச் சொல்லுங்க," என்றார் செயலாளர்.

மெக்கானிக்கை அனுப்பி, ஓடுகிற லிஃப்டைச் சரிபார்த்து, சரியாக ஓடுகிறது என்று எழுதி ஒட்டிய பிறகு சந்தேகம் இன்னும் அதிகமானது. கட்டடத்தில் பாதிப் பேருக்குக் கால் வலுத்தது.

நாத்தனாரும் பயிற்சி எடுத்தார். அதாவது, விடுதியில் எப்போதும் போல மாடிக்கு மாடி போய்ப் பெண்களைத் திட்டினார். "எனக்குத் தனியா எதுக்குப் பயிற்சி? என் வேலையே ஏறி இறங்கறதுதான்." காலணியையாவது போட்டுப் பழகுங்கள் என்று அவள் கெஞ்சியதால், அதைப் போட்டுக்கொண்டு விடுதியில் உலாவினார். வருவது யார் என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் பெண்கள் கைபேசியோடு வகையாக மாட்டிக்கொண்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே நாத்தனாருக்குக் காலணி ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

வீட்டில் திட்டமிடுதல் உச்சத்தில் இருந்தது. அவள் இல்லாத நாட்களில் குடும்பம் எப்படி உயிர் பிழைப்பது என்பதுதான் இப்போது தலையாய பிரச்சினை. எத்தனையோ வருஷமாக வீட்டில் இருக்கும் வாஷிங் மெஷினை அவள் போடுவதைக் கணவர் வீடியோ எடுத்தார்.

"மெதுவா அழுத்து. எந்த பட்டன்னு தெரியல. இன்னொரு தடவை."

"மலைக்குப் போறது நானா நீங்களா?"

"மலையில கைடு இருக்கு. இங்க யாரு இருக்கா?"

மகள் அந்த வீடியோவைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள்.

கிளம்புவதற்கு முன் பை பரிசோதனை. கோவேறு கழுதைகள் சுமக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு பையையும் வழிகாட்டி தூக்கிப் பார்த்தாள். நாத்தனாருடையது அசையவில்லை. திறந்தாள். உள்ளிருந்து மின்சாரக் கெட்டில் வந்தது. இஸ்திரிப் பெட்டி வந்தது. தலையணை உறையோடு சேர்ந்த மெத்தை விரிப்பு வந்தது. கடைசியாக ஒரு பூட்டும் சாவியும்.

"இது எதுக்கு மேடம்?"

"கூடாரத்துக்கு."

"கூடாரத்துக்கு ஜிப்புதான் மேடம் இருக்கு."

"அந்த ஜிப்புலதான் மாட்டறது."

வழிகாட்டி எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினாள். பிறகு பையின் ஓரத்திலிருந்து விசிலை எடுத்து, "இதை மட்டும் கழுத்துல போட்டுக்கங்க மேடம். நீங்க கொண்டுவந்ததுல உருப்படியான பொருள் இதுதான்," என்றாள். நாத்தனாருக்கு அது பாராட்டாகவே கேட்டது.

மலை ஏற ஆரம்பித்த முதல் நாள் காலையிலேயே கைபேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவள் அதைச் சூரிய அஸ்தமனம் பார்ப்பது போல நின்று ரசித்தாள். கடைசிக் கோடும் போன பிறகு பையில் போட்டு மூடினாள். இனி எங்கே என்ன காணாமல் போனாலும் அவளுக்குத் தெரியாது. அந்த நிம்மதி ஒரு வளைவு வரைக்கும் இருந்தது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, தொப்பியைப் போடு! தண்ணி குடிச்சியா? இந்தக் கல்லை யாரு இங்க போட்டது?"

மலையில் கல்லைப் போட்டது யார் என்ற விசாரணை பகல் முழுக்க நடந்தது. நாத்தனார் ஓடையைத் திட்டினார், கழுதையைத் திட்டினார், கழுதை ஓட்டுபவரை அக்கறையாக விசாரித்துவிட்டு அவரையும் திட்டினார். ஒவ்வொன்றுக்கும் நின்று, முழுமையாகத் திட்டி முடித்த பிறகே அடுத்த அடி வைத்தார். அவளுக்குத் தாங்கவில்லை. மாதக்கணக்காகப் படியேறிய கால்கள் இருந்தன. எட்டி நடந்தாள். எல்லாரையும் தாண்டி, குரல் எட்டாத தூரத்துக்குப் போன பிறகுதான் மலை மலையாகத் தெரிந்தது. "அக்கா, மெதுவா!" என்று வழிகாட்டி இரண்டு முறை கத்தினாள். இவள் கையை மட்டும் ஆட்டினாள். மறுநாளும் இதே கதைதான். முகாமுக்கு எப்போதும் அவளே முதலில் வந்து சேர்ந்தாள். நாத்தனார் கடைசியாக வந்தார், துளிகூட மூச்சு வாங்காமல், பாதி வாக்கியத்தில்.

மேல் முகாமுக்கு வந்த மாலையில் அவளுக்குத் தலை வலித்தது. முதலில் வெயில் என்று நினைத்தாள். பிறகு யாரோ உள்ளேயிருந்து நெற்றியைத் தட்டுவது போல இருந்தது. சூப்பைப் பார்த்ததும் குமட்டியது. மறுநாள் விடியலில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். அவள் சிரித்த முகத்தோடு கிண்ணத்தை வாங்கி, யாரும் பார்க்காதபோது கூடாரத்துக்குப் பின்னால் ஊற்றினாள்.

யாரும் பார்க்கவில்லை என்று அவள் நினைத்தாள். ஆனால் முன்னூறு பெண்களின் தட்டுகளைக் கண்காணித்த கண் ஒன்று அங்கே இருந்தது.

"தலை வலிக்குதா?" என்றார் நாத்தனார், பக்கத்தில் வந்து உட்கார்ந்து.

"இல்லையே அண்ணி."

"என்னைப் பாரு. காய்ச்சல்னு நடிக்கிற பொண்ணையும் பார்த்திருக்கேன், காய்ச்சலை மறைச்சுட்டு ஊருக்குப் போகப் பார்க்கிற பொண்ணையும் பார்த்திருக்கேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் சிரிக்கும்."

"அண்ணி, ப்ளீஸ். இவ்வளவு நாள் பாடுபட்டிருக்கேன். காலையில சரியாயிடும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். எழுந்தார். நேராக வழிகாட்டியிடம் போய்ச் சொன்னார். விசில் மட்டும்தான் அடிக்கவில்லை.

வழிகாட்டி வந்து விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தாள். பிறகு தரையில் ஒரு கயிற்றை நேராகப் போட்டு, அதன்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட நடக்கச் சொன்னாள். அவள் நான்காவது அடியில் கயிற்றை விட்டுப் போய்க் கழுதையின் மேல் சாய்ந்தாள்.

"இறங்கணும் அக்கா. இப்பவே, வெளிச்சம் இருக்கும்போதே. உதவிக்கு எங்க இன்னொரு கைடு பொண்ணு கூட வருவா. கீழ் முகாம்ல குடிசை இருக்கு."

"நான்தானே எல்லாரையும் விட நல்லா நடந்தேன்?"

"அதான் பிரச்சினையே அக்கா."

அவளுக்கு அழுகை முட்டியது. வலியினால் பாதி, ஆத்திரத்தினால் மீதி. காட்டிக்கொடுத்தவர் எதிரிலேயே நின்று அவள் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நீங்களும் இறங்குறீங்களா மேடம்?" என்று வழிகாட்டி கேட்டாள்.

குடும்பக் கதைகளில் இந்த இடத்தில் நாத்தனார் தியாகம் செய்வார். இந்த நாத்தனார் உச்சியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்குத் தலைவலியா என்ன? நான் மேல போறேன்," என்றார்.

இறங்க இறங்கத் தலைக்குள் தட்டிக்கொண்டிருந்த ஆள் வேலையை நிறுத்தினார். குடிசைக்கு வந்து படுத்தவள் விடியும் வரை அசையவில்லை. காலையில் எழுந்தபோது பசித்தது. வெளியே வந்து ஒரு பாறையில் சாய்ந்து டீ குடித்தாள். துணைக்கு வந்த பெண் வாய் பேசாத ரகம், தூரத்தில் உட்கார்ந்து காலுறை தைத்துக்கொண்டிருந்தாள். மேலே உச்சி முழுக்க மேகம். நாத்தனார் அங்கே வழுக்கி விழுந்துகொண்டிருக்கலாம், அல்லது மேகத்தைத் திட்டிக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் இவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. அந்த எண்ணம் மெல்ல மெல்ல உடம்பெல்லாம் பரவியது. கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை. வெயில் முதுகில் இதமாக இருந்தது. மதியம் வரை ஒரு மனிதக் குரல் கூடக் கேட்கவில்லை. இதற்காகத்தான் கிளம்பினோம் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கிடைத்துவிட்டது, வாங்கித் தந்தவர் யாரென்று நினைத்தால்தான் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் குழு இறங்கி வந்தது. நாத்தனார் கடைசியாக, மருந்துக்கடைப் பெண்மணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றும் பேசவில்லை. அவள் பயந்துபோய்க் கீழே உட்கார்ந்து அவர் காலணி நாடாக்களை அவிழ்த்தாள்.

"உச்சிக்குப் போனீங்களா அண்ணி?"

"போனேன்."

"எப்படி இருந்துது?"

"ஒண்ணும் தெரியல. ஒரே மேகம். எதிர்ல இருக்கிற கைடு மூஞ்சி கூடத் தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "அழுதேன்."

"எதுக்கு?"

"யாருக்குத் தெரியும்? திட்டறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லடி. சும்மா நின்னேன். அழுகை வந்துடுச்சு. எல்லாருக்கும் முன்னாடி, அந்த மருந்துக்கடைக்காரம்மா கைக்குட்டை கொடுக்கிற அளவுக்கு." அவள் பக்கம் குனிந்தார். "உன் புருஷன்கிட்ட மட்டும் சொன்னேன்னா தெரியும் சேதி."

"ஏன், நீங்க என்னைப் பத்திச் சொன்ன மாதிரி சொல்லக் கூடாதா?"

"அது வேற. அது உயிர் விஷயம். இது மானம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்பதில் பின்னாட்களில் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. நாத்தனார் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. முன்பற்கள் இரண்டுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது.

அடுத்த நாள் மீதி மலையையும் நடந்து இறங்கி, வேனில் ஊர் திரும்பும்போது சிக்னல் வந்தது. கைபேசி துள்ளியது. கணவர்.

"என்னாச்சு? ரெண்டு பேரும் உச்சிக்குப் போனீங்களா? நான் சொன்ன மாதிரி மூச்சு விட்டீங்களா? இங்க மெஷின் தண்ணியை விட மாட்டேங்குது, வீடியோல அந்த இடம் சரியா விழலை."

அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் போனைப் பிடுங்கினார்.

"உன் பொண்டாட்டிக்குத் தலைவலி வந்து பாதியில இறங்கினா. எல்லாம் உன்னாலதான். பனியில நீந்து, கரடியைப் பார்த்தா படுன்னு கண்டதையும் மண்டையில ஏத்தினா தலை வலிக்காம என்ன செய்யும்? பிளானிங்காம் பிளானிங். துணியைக் கையால துவை. வை போனை."

வைத்தார். அணைத்தும் விட்டார். அதை எப்படி அணைப்பது என்று அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வேன் வளைவுகளில் குலுங்கியது. வெகு நேரம் கழித்து நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"அடுத்த வருஷமும் இதே மலைதானா?"

"அடுத்த வருஷம் நான் தனியா வரலாம்னு இருக்கேன் அண்ணி."

"தனியாவே வா. யாரு வேண்டாம்னா?" நாத்தனார் கால்களை நீட்டி, கண்ணை மூடினார். "நான் பின்னாடி மெதுவா வரேன்."